கறியும் வேடிக்கையும்: உயிரைக் கொல்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கறி தின்பது சரியா, சேவற்கட்டு கொடுமையா, கோயிலில் கிடா வெட்டலாமா என்று பேச்சு எழுந்தால் பத்து நிமிடத்துக்குள் அது சாதிக்கோ மதத்துக்கோ கட்சிக்கோ தாவிவிடுகிறது. ஆட்டையும் கோழியையும் பற்றி அதற்குமேல் யாரும் பேசுவதில்லை. அப்படிப்பட்ட பேச்சுகளில் திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் நடுநிலையானவை என்று சொல்ல மாட்டேன். நான் கறி சாப்பிடுகிறவன். சிலவற்றை விட்டிருக்கிறேன், சிலவற்றை விடவில்லை. அந்தச் சார்பு பதில்களில் தெரியும்.

சாப்பாட்டுக்காகக் கொல்வதும் வேடிக்கைக்காகக் கொல்வதும் வேறு வேறுதானே?

கேட்டவுடன் ஆமாம் என்றுதான் தோன்றும். வயிறு கேட்கிறது, கொல்கிறோம். வேடிக்கையை எந்த வயிறும் கேட்பதில்லை. ஆனால் கரூர் மாவட்டத்துப் பூலாம்வலசுக்குப் பொங்கல் சமயத்தில் போய்ப் பாருங்கள், இந்தக் கோடு கலங்கிவிடும். அந்த ஊர்ச் சேவற்கட்டு பேர்போனது. காலில் கத்தி கட்டிய இரண்டு சேவல்களை மோத விடுவார்கள். தோற்ற சேவல் கோச்சை. அது ஜெயித்த சேவல்காரருக்குச் சேர்ந்துவிடும், பிறகு குழம்புக்குப் போகும். கோச்சைக் கறிக்குத் தனி ருசி என்று சொல்லி, கடைக்கோழி விலையைப்போலப் பல மடங்கு கொடுத்து வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சேவல் வேடிக்கைக்குச் செத்ததா, சாப்பாட்டுக்குச் செத்ததா?

ஸ்பெயினிலும் இதே சங்கடம் உண்டு. அங்கே காளைப்போர் என்றால் வழக்கமாக ஒரு மாலையில் மூன்று வீரர்கள், ஆறு காளைகள். செத்த காளைகளின் இறைச்சி விற்பனைக்குப் போகிறது. அந்த ஊர்களில் காளைவால் குழம்பு விரும்பிச் சாப்பிடும் பதார்த்தம். கறி வீணாகவில்லை என்பதால் களத்தில் நடந்தது சாப்பாட்டுக்கான கொலை ஆகிவிடுமா? ஆகாது என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன்.

சரி, இப்போது நம் தட்டைப் பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியைப் பசிக்காகத்தான் சாப்பிடுகிறோமா? சாம்பாரும் பொரியலும் இருந்தால் பசி ஆறிவிடும். பிரியாணி நாக்குக்கு. நாக்கின் சந்தோஷத்துக்காக ஓர் உயிரை எடுக்கலாம், கண்ணின் சந்தோஷத்துக்காக எடுக்கக் கூடாது என்று சொல்ல வேண்டுமானால் காரணம் காட்ட வேண்டும். நான் யோசித்த அளவில், கோடு தட்டுக்கும் களத்துக்கும் நடுவில் ஓடவில்லை. தேவைக்கும் ஆசைக்கும் நடுவில் ஓடுகிறது. சத்துணவில் வாரம் ஐந்து முட்டை வாங்கிச் சாப்பிடும் பிள்ளைக்கு அது தேவை. ஆட்டுக்கிடையோடு ஊர் ஊராகப் போகிற கீதாரிக்கு ஆடுதான் பிழைப்பு. வேறு நூறு பதார்த்தம் வாங்க வசதி உள்ள என்னைப் போன்றவர் அந்தக் கோட்டின் மறுபக்கத்தில் நிற்கிறார்.

அப்படியானால் காளையை ஈட்டியால் குத்துகிறவரும் கறிக்கடையில் அரைக்கிலோ வாங்குகிற நானும் ஒன்றா?

ஒன்றில்லை. கறிக்கடையில் வலியை யாரும் விரும்புவதில்லை. ஆடு வலியே தெரியாமல் செத்தால் உங்களுக்கும் கடைக்காரருக்கும் ஒரு நஷ்டமும் கிடையாது. காளைப்போரில் அப்படியில்லை. குதிரையில் வருகிறவர் கழுத்துச் சதையில் ஈட்டி பாய்ச்சுவதும், அடுத்து வருகிறவர்கள் அலங்கரித்த கம்பிகளைச் செருகுவதும், காளை தலை தாழ்ந்து தளர்வதும்தான் ஆட்டமே. வலியை எடுத்துவிட்டால் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

இருந்தாலும் காளைப்போரை ஆதரிக்கிறவர்களிடம் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. அந்தக் காளைகள் பரந்த மேய்ச்சல் காட்டில் நாலைந்து வருஷம் சுதந்திரமாக வாழ்கின்றன. அவற்றுக்குக் கெட்ட நேரம் என்பது கடைசி இருபது நிமிடம். நீங்கள் சாப்பிடும் கோழிக்கு வாழ்நாள் முழுக்கக் கெட்ட நேரம்தானே என்று திருப்பிக் கேட்கிறார்கள். இதற்குப் பதில் சொல்லாமல் நகரக் கூடாது. போர்ச்சுகலில் காளையைக் களத்தில் பொதுவாகக் கொல்வதில்லை. ஆட்டம் முடிந்தபின் கண்ணுக்குத் தெரியாமல் கசாப்புக்காரர் கையில் அது சாகிறது. பார்வையாளருக்கு நிம்மதி. காளைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

கடைசியில் எப்படிச் செத்தது என்பதோடு, அதுவரை எப்படி இருந்தது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். இரண்டாவதில்தான் நம்மில் பலர் மாட்டிக்கொள்கிறோம்.

பிராய்லர் கோழியில் அப்படி என்ன பிரச்சினை? ஊசி போடுகிறார்கள் என்பதா?

ஹார்மோன் ஊசிக் கதையை விட்டுவிடுங்கள். நாலு வாட்ஸ்அப் செய்தி சேர்ந்தால் ஊசி வந்துவிடும். உண்மையான பிரச்சினை கோழியின் பரம்பரையிலேயே இருக்கிறது. வேகமாகச் சதை போடும் கோழிகளையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிப் பெருக்கியதால், இன்றைய பிராய்லர் 35 முதல் 42 நாளில் இரண்டு கிலோ ஆகிவிடுகிறது. நாட்டுக்கோழிக்கு அதே எடை வர ஐந்தாறு மாதம் ஆகும். சதை வளரும் வேகத்துக்குக் காலும் இதயமும் ஈடுகொடுப்பதில்லை. கடைசி வாரங்களில் பல கோழிகள் நடக்கத் திணறி உட்கார்ந்தே கிடக்கும். நமக்கு வருவது கோழி உருவத்தில் இருக்கும் ஆறு வாரக் குஞ்சு.

பல்லடம் பக்கத்துப் பண்ணைகளில் பெரும்பாலும் ஒப்பந்த முறை. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி தரும். கொட்டகையும் கரண்டும் உழைப்பும் விவசாயியுடையவை. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. எந்த இனம், எத்தனை நாள், என்ன தீவனம் என்று தீர்மானிக்கும் உரிமை அவரிடம் கிடையாது. ஆகவே பண்ணைக்காரரைக் கொடுமைக்காரர் என்று திட்டுவதில் அர்த்தமில்லை.

முட்டைக்கோழி கதை இன்னும் மோசம். நாமக்கல் பண்ணைகளில் கம்பிக் கூண்டுக்குள் ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் ஒரு ஏ4 தாளைவிடக் குறைவு. சிறகை முழுதாக விரிக்க முடியாது, மண்ணைக் கிளற முடியாது. கோழி என்றால் கிளறும் பிராணி. ஐரோப்பிய ஒன்றியம் இந்த வெறுங்கூண்டை 2012இல் தடை செய்துவிட்டது. முட்டைக்கோழி இனத்தில் பொரிக்கும் சேவல் குஞ்சுகளுக்கு முட்டையும் கிடையாது, கறியும் தேறாது என்பதால் உலகம் முழுக்கப் பொரித்த நாளிலேயே அவற்றை அழிக்கிறார்கள். 2022 முதல் ஜெர்மனி அதைச் சட்டத்தால் நிறுத்தியிருக்கிறது. திருவிழாக் கடைகளில் பச்சை, சிவப்பு, நீலச் சாயம் முக்கிப் பிள்ளைகளுக்கு விற்கும் குஞ்சுகள் பெரும்பாலும் இந்தக் கூட்டத்திலிருந்து தப்பி வந்தவைதான். இரண்டு நாள் வேடிக்கைக்குப் பிறகு அவையும் செத்துப்போகும்.

உலகத்தில் ஆண்டுக்கு 8,000 கோடிக்கும் மேற்பட்ட தரைவாழ் விலங்குகளை உணவுக்காகக் கொல்கிறோம். அதில் மிகப் பெரும் பங்கு கோழி. எண்ணிக்கையில் பார்த்தால் விலங்குகளின் துன்பம் என்று நாம் பேசுவது பெரும்பாலும் கோழியின் துன்பம்தான். நான் முதலில் விட்டது பிராய்லரை.

ஜல்லிக்கட்டில் காளையைக் கொல்வதே இல்லையே, அதை ஏன் இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள்?

சட்டம் சேர்த்த விதம் அப்படி. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் இவற்றை வித்தை காட்டப் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய அரசு வைத்திருந்த பட்டியலில் 2011இல் காளையையும் சேர்த்தது. அதன் தொடர்ச்சியாக 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017 ஜனவரியில் மெரினா நிரம்பியது. சட்டமன்றம் 1960ஆம் ஆண்டு மத்திய வதைத் தடுப்புச் சட்டத்தைத் தமிழ்நாட்டுக்குத் திருத்தியது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது.

என் கருத்து இது. வாடிவாசலிலிருந்து பாயும் காளை ஓரிரு நிமிடம் மிரள்கிறது, அடைத்து வைத்திருக்கும் நேரத்தில் இன்னும் அதிகம் மிரள்கிறது. வாலைக் கடிப்பது, முறுக்குவது, கண்ணில் எதையாவது தடவுவது எல்லாம் நடந்த இடங்களில் அவை குற்றம்தான், மரபு என்று சொல்லித் தப்ப முடியாது. திமிலை மட்டும் பிடித்து, களம் முடிந்ததும் காளை வீட்டுக்குப் போகிற ஆட்டத்தைக் காளைப்போரோடு சேர்த்து எடைபோடுவது நியாயமில்லை. அங்கே உயிர் போகிறவர்களில் மனிதர்கள் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. டிராக்டரும் சினை ஊசியும் வந்தபின் ஆண் கன்றுக்கு வேலை இல்லை. புலிக்குளம் மாதிரி இனத்தில் காளைக்கன்று பிறந்தால் அதை வளர்க்க ஒரு காரணத்தை ஜல்லிக்கட்டுதான் தருகிறது. அந்தக் காரணம் இல்லாத காளைகள் லாரி ஏறுகின்றன. மாட்டை நேசிக்கிறோம் என்று மெரினாவில் நின்றவர்களிடம் நான் கேட்க விரும்புவது, ஆட வயதில்லாத காளையைப் பிறகு என்ன செய்கிறீர்கள் என்பதை. சாகும்வரை கட்டிப் போட்டுச் சோறு போடுகிறவர்கள் இருக்கிறார்கள், விற்றுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

பாலில் உயிர் போவதில்லையே?

மாடு பால் தர வேண்டுமானால் கன்று போட வேண்டும். பாதிக் கன்றுகள் காளைக்கன்றாகத்தான் பிறக்கும். மேலே சொன்னபடி அவற்றுக்கு வேலையில்லை. பால் வற்றிய கிழட்டு மாட்டை வைத்துத் தீனி போட எத்தனை வீட்டுக்குக் கட்டுப்படியாகும்? பொள்ளாச்சிச் சந்தையில் ஒரு நாள் நின்று, கேரளா போகும் வண்டிகளில் ஏறுவது எந்த மாடுகள் என்று பாருங்கள். பால் வியாபாரமும் மாட்டுக்கறி வியாபாரமும் ஒரே பண்ணையின் முன்வாசலும் கொல்லைவாசலும். காபி குடிக்கிற சைவர்கள் ரோஷப்பட வேண்டாம். கணக்கு அப்படி.

கோயிலில் கிடா வெட்டுவதைத் தடை செய்ய வேண்டாமா?

ஒருமுறை செய்து பார்த்தார்கள். 1950ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கும் சட்டம் ஒன்று இருந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை. 2003இல் ஜெயலலிதா அரசு அதைக் கறாராக நடைமுறைப்படுத்தச் சொன்னது. கருப்பசாமிக்கும் முனியாண்டிக்கும் நேர்ந்துகொண்டவர்கள் கொதித்துப்போனார்கள். 2004இல் சட்டமே திரும்பப் பெறப்பட்டது.

அந்தத் தடையில் எனக்கு ஒப்பாத இடம் ஒன்று உண்டு. அதே கிடாவைச் சாலைக்கு அந்தப் பக்கம் கறிக்கடையில் வெட்டினால் குற்றமில்லை, சாமி முன்னால் வெட்டினால் குற்றம். ஆட்டுக்கு இதில் என்ன லாபம்? பெருந்தெய்வக் கோயில்களின் மடைப்பள்ளியை அளவுகோலாக வைத்துக்கொண்டு, காவல் தெய்வத்தின் படையலை அருவருப்பாகப் பார்த்த பார்வை அதற்குள் இருந்தது.

அதே சமயம், சாமி பேரைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடாது. வெட்டுவதற்கு முன் ஆட்டின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்து, அது உடம்பைச் சிலுப்பும்வரை காத்திருக்கும் வழக்கம் பல ஊரில் இருக்கிறது. சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று பொருள். பழைய கிரேக்கப் பலியிலும் மாட்டின் தலையில் தண்ணீர் தெளித்துத் தலையசைப்பை எதிர்பார்த்ததாகச் சொல்வார்கள். தண்ணீர் பட்டால் எந்த ஆடும் சிலுப்பும் என்பது வெட்டுகிறவருக்கும் தெரியும். ஆனாலும் காத்திருக்கிறார்கள். செய்யப்போவது சின்ன விஷயமில்லை என்ற உணர்வாவது அந்தக் காத்திருப்பில் இருக்கிறது. பிராய்லர் கடையில் கழுத்தை அறுத்து டிரம்முக்குள் போட்டுவிட்டு அடுத்த கோழியை எடுக்கும் கைக்கு அந்த நேரம் கிடையாது. அவரைக் குறை சொல்லவில்லை, பின்னால் நாம்தான் வரிசையில் நிற்கிறோம்.

எனக்குப் பிடிக்காதது நூற்றுக்கணக்கான கிடாக்களை ஒன்றின் கண்ணெதிரில் இன்னொன்றாக வெட்டுவது. இறைச்சிக் கூடத்தில்கூட ஒரு விலங்கின் பார்வையில் மற்றொன்றை வெட்டக் கூடாது என்று 2001 விதிகள் சொல்கின்றன. சாமியும் அந்த அளவு மறைப்பை ஏற்றுக்கொள்ளும் என்று நம்புகிறேன்.

ஹலாலா, ஒரே வெட்டா? எது வலி குறைவு?

கழுத்தை நல்ல கூரான கத்தியால் ஒரே இழுப்பில் அறுத்தால் ஆடு சில நொடிகளில் நினைவிழக்கும். மாட்டுக்கு இன்னும் நேரம் எடுக்கலாம். ஒரே வெட்டில் தலை துண்டானால் சீக்கிரம் முடியும், வெட்டு பிசகினால் நரகம். முன்கூட்டியே மின்சாரத்தால் மயக்கிவிட்டு அறுப்பது இரண்டையும்விட மேல். நியூசிலாந்தில் ஹலால் ஆட்டிறைச்சிக்கே தலையில் மட்டும் மின்சாரம் கொடுத்து மயக்கியபின்தான் அறுக்கிறார்கள். ஆக மதத்துக்கும் மயக்கத்துக்கும் சண்டை வர வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களில் பலருக்கு ஆட்டின் மேல் அக்கறை கிடையாது. கடைசிச் சில நொடிகளைப் பற்றி ஆவேசமாகப் பேசுகிறவர்கள், அதற்கு முன் லாரியில் தண்ணீர் இல்லாமல் நின்ற இரவைப் பற்றிப் பேசுவதில்லை. பைக்கில் கால்களைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டுபோகும் இருபது முப்பது கோழிகளைப் பற்றியும் பேசுவதில்லை. வலியைக் குறைக்க நினைத்தால் தொடங்க வேண்டிய இடம் அது.

சட்டம் என்னதான் சொல்கிறது?

1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்திட்டவர் ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவை உறுப்பினராக இருந்து அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் தொடக்கம். விலங்கு நல வாரியம் 1962இல் சென்னையில் அவர் தலைமையில் அமைந்தது. அந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவு வதை எது என்று பட்டியல் போடுகிறது: அடிப்பது, அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுவது, வலிக்கும்படி கொண்டுபோவது, சண்டைக்கு மூட்டிவிடுவது. உணவுக்காகக் கொல்வதற்குத் தேவையற்ற வலி கூடாது என்ற நிபந்தனையோடு விலக்கு. மத முறைப்படி கொல்வதற்கு 28ஆம் பிரிவில் விலக்கு.

முதல் குற்றத்துக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய். 1960இல் அது ஒரு தொகை. பைக்கில் கோழி தொங்குவதை ஏன் யாரும் பிடிப்பதில்லை என்று இனிக் கேட்க மாட்டீர்கள்.

செடிக்கும் உயிர் உண்டே? கீரையைப் பறிப்பதும் கொலைதானே?

செடிக்கு உயிர் உண்டு. தொல்காப்பியமே புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிர் என்று முதல் படியில் வைத்திருக்கிறது. ஆனால் அதே வரிசையில்தான் விலங்கு மேல் படியில் நிற்கிறது. நரம்பு மண்டலம், மூளை, வலி உணரும் உறுப்புகள் எதுவும் செடியில் இல்லை. 1789இல் ஆங்கிலத் தத்துவவாதி ஜெரமி பெந்தம் கேட்டது இதைத்தான்: யோசிக்குமா, பேசுமா என்று பார்க்காதீர்கள், துன்பப்படுமா என்று பாருங்கள். சரி, செடியும் துன்பப்படும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கறிக்குத்தான் அதிகச் செடி சாகும். ஆடும் கோழியும் தின்பது செடியைத்தானே? மக்காச்சோளமும் சோயாவும் நாம் நேராகத் தின்பதைவிடக் கோழி வழியாகத் தின்றால் கூடுதலாக வேண்டியிருக்கும்.

ஆனால் சோறு சுத்தம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு செய்தி. தஞ்சை வயல்களில் மூங்கில் கிட்டி வைத்து எலி பிடிக்கிறார்கள். பூச்சிமருந்தில் போகும் உயிருக்குக் கணக்கே கிடையாது. ஒரு உயிரும் சாகாமல் ஒரு கவளம் சோறு வராது. அதனால் எவ்வளவு செத்தாலும் ஒன்றுதான் என்று முடிவு கட்டுவது சோம்பேறித்தனம்.

மீனையும் நண்டையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டுமா?

மீனுக்கு வலி தெரியும் என்பதை நம்ப இப்போது போதிய சான்று இருக்கிறது. நண்டு, இறால், கணவாய் விஷயத்திலும் அறிவியல் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. பிரிட்டன் 2022இல் நிறைவேற்றிய சட்டம் இவற்றையும் உணர்வுள்ள உயிர்களாக ஏற்றுக்கொண்டது. இறாலின் பெரியண்ணனான லாப்ஸ்டரை மயக்காமல் கொதிநீரில் போடக் கூடாது என்று 2018இல் சுவிட்சர்லாந்து விதித்தது. நம் வீடுகளில் நண்டு உயிரோடு வருகிறது, உயிரோடே கால் முறிகிறது, ஓடு பிரிகிறது. வாங்கி வந்ததும் ஐஸில் நன்றாக மரத்துப்போகும்வரை வைத்துவிட்டு, பிறகு கத்தியைப் பாய்ச்சுங்கள். ருசி ஒன்றும் குறையாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை இருக்கிறதே, அது கருணையா என்று ஒருவர் கேட்டார். இல்லை, அடுத்த வருஷமும் மீன் வேண்டும் என்ற ஏற்பாடு. இனத்தைக் காப்பதும் ஒரு மீனின் வலியை மதிப்பதும் வேறு வேறு விஷயங்கள். இரண்டையும் குழப்பினால் அடுத்த கேள்விக்குப் பதில் வராது.

வேட்டைதான் காட்டைக் காப்பாற்றுகிறது என்கிறார்களே?

சில இடங்களில் உண்மை. நீலகிரியில் வேட்டையாடிய வெள்ளைக்காரர்கள் 1877இல் சங்கம் வைத்தார்கள், 1879இல் வேட்டைப் பிராணிகளுக்கும் மீனுக்கும் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சுடுவதற்கு ஏதாவது மிஞ்ச வேண்டும் என்ற கவலை. வரையாடு பிழைத்ததில் அந்தக் கவலைக்கும் பங்கு உண்டு. ஆப்பிரிக்காவில் நமீபியா, வேட்டைக் கட்டணத்தை உள்ளூர்ச் சமூகங்களுக்குக் கொடுக்கிறது. கென்யா 1977இலேயே வேட்டையைத் தடை செய்தது. போட்ஸ்வானா 2014இல் நிறுத்தி 2019இல் திரும்பவும் அனுமதித்தது. 2015இல் ஜிம்பாப்வேயில் செசில் என்ற சிங்கத்தை ஓர் அமெரிக்கர் வேட்டையாடிக் கொன்றபோது உலகமே அழுதது. யானை மிதித்த வயலுக்குச் சொந்தக்காரர் அழவில்லை.

காட்டுக்குப் பணம் வருகிறது என்பது ஏற்பாட்டை நியாயப்படுத்தலாம். சுவரில் தலை மாட்டுவதற்காக ஒரு சிங்கத்தைக் கொல்ல ஆசைப்படும் மனத்தை அது நியாயப்படுத்தாது. அந்தப் பணத்தை வேறு வழியில் தர முடிகிற நாள் வந்தால் வாதம் விழுந்துவிடும். இந்தியாவில் 1972 வனவிலங்குச் சட்டமும் அதற்குப் பின்வந்த திருத்தங்களும் பொழுதுபோக்கு வேட்டையை முடித்துவிட்டன. அதற்காக நான் வருத்தப்படவில்லை.

வள்ளுவரும் வள்ளலாரும் கொல்லாதே என்று சொன்னபின் தமிழனுக்கு இதில் என்ன சந்தேகம்?

கபிலரும் தமிழர்தான். உன் கை வாள் பிடித்துக் கடினமானது, கறிசோறு உண்பதைத் தவிர வேலை தெரியாத எங்கள் கை மென்மையானது என்று சேர அரசனிடம் வேடிக்கையாகச் சொன்னவர். மரபு ஒரே குரலில் பேசவில்லை. இன்றும் தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேல் கறி உண்கிறவர்கள். திருவள்ளுவர் தினத்திலும் வள்ளலார் நினைவு நாளிலும் கறிக்கடைக்கு விடுமுறை. முந்தின நாள் மாலை கடையில் கூட்டம்.

வள்ளுவரிடம் எனக்குப் பிடித்தது 256ஆம் குறள். தின்ன ஆள் இல்லையென்றால் விற்க ஆள் இருக்க மாட்டான் என்கிறார். நான் கொல்லவில்லை, வாங்குகிறேன் அவ்வளவுதான் என்று தப்பிக்கும் வழியை அடைத்துவிடுகிறார். இந்த ஒரு குறளுக்குப் பதில் சொல்லாமல் நான் இன்னும் கறி வாங்குகிறேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கொல்லாமை அதிகாரத்தில் 329ஆம் குறள் கொலைத் தொழில் செய்பவரை இழிந்தவர் என்கிறது. 256இன் கணக்குப்படி அந்த இழிவு வாங்குகிறவருக்கும் சமமாகப் போக வேண்டும். நடைமுறையில் போவதில்லை. கறிக்கடைக்காரர் மகனுக்குப் பெண் தர யோசிக்கிற குடும்பம் அவர் கடையில்தான் ஈரலுக்குச் சொல்லி வைக்கிறது.

சைவம் என்பதே சாதிப் பெருமைதானே? இந்தப் பேச்செல்லாம் அதற்கு முட்டுக்கொடுப்பதுதானே?

முட்டுக்கொடுக்கப் பயன்பட்டிருக்கிறது, அதை மறுக்க முடியாது. சென்னையில் வாடகை வீட்டு விளம்பரத்தில் ‘சைவம் மட்டும்’ என்று போட்டால் அது சாப்பாட்டைப் பற்றிய குறிப்பு மட்டும் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். தீண்டாமையின் வேரை மாட்டுக்கறி மேல் ஏற்றப்பட்ட வெறுப்போடு சேர்த்துப் பார்த்தார் அம்பேத்கர்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். தானாகச் செத்த மாட்டைத் தூக்கிப் போய் அதன் கறியை உண்ட மக்கள் எந்த உயிரையும் கொல்லவில்லை. கொல்லாமைதான் அளவுகோல் என்றால் அவர்கள் உணவில் குற்றமே இல்லை. ஊர் மிகக் கேவலமாக நடத்தியது அவர்களைத்தான். அந்த மாட்டின் பாலைக் கறந்து குடித்தவர்கள் சுத்தம். அந்தத் தோலில் கட்டிய மிருதங்கத்தைச் சபாவில் கேட்டுத் தலையாட்டியவர்கள் சுத்தம். புழுவோடு கொதிக்கவைத்த கூட்டிலிருந்து நூற்ற காஞ்சிப் பட்டை உடுத்தியவர்களும் சுத்தம். ஆகவே சாதி சொன்ன சைவத்துக்கும் உயிர் மேல் அக்கறைக்கும் சம்பந்தம் மிகக் குறைவு. அதற்காக அந்த அக்கறையைச் சாதிக்காரர்களிடமே விட்டுவிட வேண்டியதில்லை. கூண்டிலிருக்கும் கோழிக்குத் தன்னைப் பற்றிப் பேசுகிறவர் எந்தத் தெரு என்று தெரியாது.

ஆய்வகத்தில் வளர்க்கும் கறி வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா?

2020 டிசம்பரில் சிங்கப்பூர் முதலில் அனுமதித்தது. நம் ஊர்க் கறிக்கடை விலைக்கு அது வரட்டும், பிறகு பேசுவோம்.

முழுக்க விட முடியவில்லை. பாதி விட்டால் பாசாங்கு இல்லையா?

வாரத்தில் நாலு நாள் கறி சாப்பிடுகிறவர் ஒரு நாளாகக் குறைத்தால் சாகும் கோழிகள் குறையும். பாசாங்கு என்று சொல்லி அவரை நாலு நாளுக்கே திரும்ப அனுப்புவதில் யாருக்கு லாபம்? நான் செய்வது இது: பிராய்லரும் கூண்டு முட்டையும் வாங்குவதில்லை. மேய்ந்து வளர்ந்த வெள்ளாட்டுக் கறி எப்போதாவது. மீன் குறைத்திருக்கிறேன், விடவில்லை. சேவற்கட்டுப் பார்க்கப் போவதில்லை. மேய்ச்சல் ஆடு விலை கூடுதல், அதனால் தானாகவே குறைவாக வாங்குகிறேன். எல்லோருக்கும் இது முடியாது. அந்த விலைக்குக் கறி வாங்க முடியாதவர் வீட்டில் பிராய்லர்தான் புரதம். அவருக்குப் பாடம் எடுக்க எனக்கு யோக்கியதை இல்லை. அந்தக் கோழியை நன்றாக வளர்க்கச் சொல்லிக் கம்பெனியையும் அரசையும் கேட்கலாம். அது என்னால் முடியும்.

சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து, கிடா விருந்து. கறியை விட்டவர் போகலாமா?

தாராளமாகப் போங்கள். வெட்டிய கிடா நீங்கள் வராததால் எழுந்து நடக்கப் போவதில்லை. பந்தியில் உட்கார்ந்து “எனக்குக் குழம்பு வேண்டாம், ரசம் ஊற்றுங்கள்” என்றால் பரிமாறுகிற பெரியம்மா இரண்டு தடவை கேட்பார், மூன்றாவது தடவை உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார். விளக்கம் சொல்லத் தொடங்க வேண்டாம், பக்கத்து இலைக்காரர் சாப்பிட்டு முடிக்கட்டும். மொய் எழுதிவிட்டுக் கிளம்பும்போது அவரே கேட்பார், அப்போது சொல்லிக்கொள்ளலாம்.